தியாகதுருகத்துக் குன்றும் குல்மார்க் பனிமலையும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே மொட்டைப் பாறையாய் எழுந்து நிற்கும் குன்றினைக் காணாதார் இலர். அதுவே தியாகதுருகம். குன்றின் தலையில் பழங்கோட்டையின் இடிபாடுகள் இன்றும் எஞ்சி நிற்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், பின்னர் மைசூர்ப் படையினரும் இக்குன்றுக்காகப் போரிட்டனர். 1790-91இல் திப்பு சுல்தானின் படையை எதிர்த்து பிளிண்ட் என்னும் ஆங்கிலத் தளபதி இதனைக் காத்து நின்றார். ஆயினும் நாம் இங்கு எழுத முற்பட்டது கோட்டையின் வரலாற்றை அன்று. சாய்வான நிலத்தில் மனிதன் எதை நம்பிக் கால் வைக்கிறான் என்பதைப் பற்றியே.

இக்குன்றில் ஆடு மேய்க்கும் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்தக் கல் அசையும், மழை பெய்த மறுநாள் எந்தப் பக்கம் ஏறலாகாது என்று அவன் விரலை நீட்டிச் சொல்லிவிடுவான். பாறை தன் குணத்தை மேற்பரப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. மேற்கே நீலமாய்த் தெரியும் கல்வராயன் மலையில் வாழ்வோரும் அவ்வாறே மண்ணையும் மரத்தையும் பார்த்து வழி அறிகின்றனர். கண்ணால் கண்டதை நம்பலாம் என்னும் இந்தத் துணிவோடுதான் நாம் நால்வர், பிப்ரவரித் திங்களொன்றில், காஷ்மீரத்துக் குல்மார்க்கு போய்ச் சேர்ந்தோம். அங்கே அத்துணிவுக்கு இடமில்லை என்பதைக் கற்றுக்கொண்டோம்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் என்னும் சிற்றூர் வரை சாலை எளிது. அதற்குமேல் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளே ஏறுகின்றன. குல்மார்க் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 8,700 அடி உயரத்தில் கிண்ணம் போல் அமைந்த புல்வெளி. குளிர்காலத்தில் அது வெள்ளைக் கிண்ணம். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிகள் 1998 முதல் கொங்தூரி வரையிலும், 2005 முதல் அபர்வாட் மலையின் தோள் வரையிலும் மனிதரைத் தூக்கிச் செல்கின்றன. மேல்நிலையம் சுமார் 13,000 அடி உயரத்தில் உள்ளது. கல்வராயன் மலையின் மீது அதுபோன்ற மலைகளை மும்முறை அடுக்கினாலும் அவ்வுயரம் எட்டுவது அரிது என்று எம்முடன் வந்த பெரியவர் கணக்குப் போட்டார்.

பனி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் பனி என்பது மார்கழியில் வைக்கோற்போரின் மேல் இறங்கும் ஈரம். அல்லது விடியற்காலையில் ஏரிக்கரையை மறைக்கும் புகை போன்ற மூட்டம். வானிலிருந்து பஞ்சாய் உதிர்ந்து ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் பொருளுக்குத் தமிழ் தனிப்பெயர் வைக்கத் தேவை இருந்ததில்லை. எனவே இக்கட்டுரையில் அதனை வெண்பனி என்றே குறிப்போம். அது மலையை விட்டுப் பெயர்ந்து விழுவதைப் பனிச்சரிவு என்போம்.

குல்மார்க்கிற்கு வருவோரில் பெரும்பாலோர் புல்வெளியின் மெல்லிய சாய்வில் வழுக்கி விளையாடிப் படமெடுத்துத் திரும்புவோர். மற்றொரு கூட்டம் உண்டு. நீண்ட சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து, மேல்நிலையத்தில் இறங்கி, காவல் குழுவினர் ஆராய்ந்து திறந்துவிட்ட பகுதியையும் தாண்டி, யாரும் மிதியாத பள்ளத்தாக்குகளில் இறங்குவோர். சிலர் கம்பிவடத்தையும் நாடுவதில்லை. பலகையின் அடியில் ஒரு திசையில் மட்டும் படியும் மயிர்த்துணியை ஒட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறுகின்றனர். அத்துணி முன்னே செல்ல விடும், பின்னே வழுக்க விடாது. பண்டு இதற்குக் கடல்நாயின் தோலைப் பயன்படுத்தினராம். உச்சியில் துணியை உரித்துச் சுருட்டி வைத்துவிட்டுப் பறவைபோல் இறங்குகின்றனர். பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் மலையை ஆராய்ந்து வைப்பார் ஒருவருமில்லை. செல்பவனே தனக்குக் காவலன்.

இது விளையாட்டுக்காரர் கவலை மட்டும் அன்று. 2010 பிப்ரவரி 8ஆம் நாள், இதே குல்மார்க்கின் கிலன்மார்க் பகுதியில், உயர்மலைப் போர்ப் பள்ளியின் பயிற்சியில் இருந்த படைவீரர்மீது பனிச்சரிவு விழுந்து 17 பேர் மாண்டனர். 2023 பிப்ரவரி முதல் நாள் அபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க்கில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். உடன் சென்றோர் மீட்கப்பட்டனர். இன்னும் நமக்கு நெருக்கமான செய்தி சியாச்சினுடையது. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்ட் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர் தங்கியிருந்த காவல் நிலையின்மீது பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அவர்களுள் நால்வர் நம் தமிழகத்தார். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். ஆறாம் நாள், 25 அடி வெண்பனிக்குக் கீழிருந்து லான்ஸ் நாயக் அனுமந்தப்பா உயிரோடு தோண்டியெடுக்கப்பட்டபோது நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11இல் அவரும் தில்லி மருத்துவமனையில் உயிர்நீத்தார். அன்று வீழ்ந்தது மேலிருந்து இடிந்த சுவர். கீழே இருந்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பினும் தடுத்திருக்க முடியாதது. சறுக்குவோரின் நிலை வேறு. அவர்களைக் கொல்லும் சரிவை, பெரும்பாலும், அவர்களுடைய காலோ உடன் வந்தவர் காலோதான் அசைத்து விடுகிறது. இது அந்நூல் கற்றோர் அனைவரும் ஒப்பும் உண்மை. ஆகவேதான், கால் வைக்குமுன் படிக்கக் கற்க வேண்டும் என்கின்றனர்.

எதைப் படிப்பது? கொங்தூரிக்கு அருகே, ஆபத்தில்லாத சிறு மேட்டில், ஒரு வழிகாட்டி தம்முடன் வந்த இளைஞர் அறுவருக்கு இதனைக் கற்பித்துக் கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். நாமும் ஒதுங்கி நின்று கேட்க அவர் இசைந்தார்.

முதலில் அவர் சாய்வை அளந்தார். கையிலிருந்த இரு ஊன்றுகோல்களும் ஒரே நீளம். ஒன்றைச் செங்குத்தாக நாட்டி, அதன் தலையிலிருந்து மற்றதைக் கிடையாக மலைப்பக்கம் நீட்டினார். கோலின் நுனி சரியாக மலையைத் தொட்டால் சாய்வு 45 பாகை. இன்னொரு கோல் நீளம் போனபிறகே தொடும் என்றால் 27 பாகைக்கும் சற்றுக் குறைவு. பாளமாய்ப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் வெண்பனி அவ்வப்போதே உதிர்ந்துவிடும். அதைவிடச் சமமான இடத்தில் தானே பெயராது. நம் களத்துமேட்டில் நெல் அம்பாரத்தைப் பார்த்தவருக்கு இது விளங்கும். எவ்வளவு கொட்டினாலும் அம்பாரம் ஏறத்தாழ 35 பாகைக்குமேல் செங்குத்தாக நிற்பதில்லை. மணிகள் உருண்டு விடுகின்றன. கெட்ட செய்தி என்னவெனில், சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் அதே 30 முதல் 45 பாகைதான். தான் நிற்கும் இடம் சமமாக இருந்தால் போதாது, தலைக்குமேல் தொங்குவது எத்தனை பாகை என்றும் பார்க்கவேண்டும் என்று வழிகாட்டி இருமுறை சொன்னார்.

பின்னர் அவர் குழி தோண்டினார். மார்பளவு ஆழம், மலைப்பக்கச் சுவரைச் சுவரொட்டித் தாள் போல் வழவழப்பாகச் சீவினார். வெளியே பார்த்தால் ஒரே வெள்ளை. உள்ளேயோ, புளியமரத்தை அறுத்த முகம் போல், வரிவரியாக அடுக்குகள்! ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கு. ஒவ்வொரு வெயில் நாளும் ஒரு மெல்லிய ஓடு. காற்று வாரிக் கொட்டியது ஓர் அட்டை. ஓரிடத்தில் நம் ஜவ்வரிசியைக் கொட்டியது போல் சின்னஞ்சிறு உருண்டைகள்; அதுவும் ஒருவகைப் பனியே. கையை மடக்கிய முட்டியால் ஒவ்வோர் அடுக்கையும் அழுத்தினார். முட்டி புகுந்தால் மிக மென்மை. நான்கு விரல் மட்டும் புகுந்தால் சற்றுக் கடினம். பின் ஒரு விரல், பின் பென்சில், பின் கத்தி. நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற எளிய சோதனை. கடினம் மேலும் மென்மை கீழுமாக அமைந்த இடமே ஐயத்திற்குரியது.

குழியின் அடியில் அவர் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார். எமக்குத் திகைப்பு. அது அப்படியே சர்க்கரை! கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு ஆலைகளில் மூட்டை பிடிக்கும்போது கொட்டுமே, அதுபோல் விரலிடுக்கில் சரசரவென்று ஒழுகிற்று. உருண்டை பிடிக்க வரவில்லை. ஆங்கிலேயரும் இதனைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்களாம். இது எவ்வாறு உண்டாகிறது? வெண்பனி மூடிய நிலம் ஏறக்குறைய உறைநிலையிலேயே வெதுவெதுப்பாக இருக்கும். மேலே காற்றோ அதைவிடப் பல பாகை குளிர்ந்தது. இடையிலுள்ள பனிப்போர்வை மெல்லியதாக இருந்தால், 10 சென்டிமீட்டருக்கு ஒரு பாகைக்கு மேல் வெப்பம் வேறுபடும். அப்போது அடியிலுள்ள நீராவி மேலேறி, பற்றிப் பிணைந்திருந்த துகள்களை உருமாற்றி, முனை கூரிய, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக்கி விடுகிறது. ஆகவே, பருவத் தொடக்கத்தில் குறைவாகப் பெய்து, பிறகு நெடுநாள் தெளிந்த குளிர் நீடித்தால், அந்த ஆண்டின் அடித்தளமே சர்க்கரை. அதன்மேல் பின்னர் எவ்வளவு அழகிய வெண்பனி பெய்தாலும் அது சர்க்கரை மூட்டையின்மேல் கட்டிய மாடிதான்.

மற்றொரு பகையும் உண்டு. அது நம் மார்கழிப் பனியின் உறவு. தெளிந்த, காற்றில்லா இரவில், வெண்பனியின் மேற்பரப்பில் இறகு இறகாய்ப் படிகங்கள் பூக்கின்றன. காலையில் அவை வைரம் போல் ஒளிரும். கண்டு மகிழலாம். ஆனால் மறுநாள் புது வெண்பனி அவற்றை மூடிவிட்டால், அந்த இறகுகள் புதைந்த சீட்டுக்கட்டு வீடாக வாரக்கணக்கில் காத்திருக்கும். அழகாய் இருந்ததே அடியில் ஆபத்தாய் மாறுகிறது.

இத்தகைய நலிந்த அடுக்கின்மேல் கெட்டிப் பாளம் அமர்ந்திருக்கையில் ஒருவர் மிதித்தால், நலிந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கி, அந்நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் ஓடிப் பரவுகிறது. பாளம் முழுவதும் ஒரே சமயத்தில் பிடியிழந்து கிளம்புகிறது. கிளம்பியதும் அது கண்ணாடி போல் உடைகிறது. மிதித்தவர் அதன் நடுவில் நிற்கிறார்.

இவ்விடத்தில் நம் ஊர்ப்பக்கம் ஒரு கணம் திரும்பாமல் இருக்க முடியவில்லை. 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெங்கல் புயல் மழையில், தியாகதுருகத்திற்கு வடக்கே உள்ள திருவண்ணாமலையில் மலையடிவார வீடொன்றின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். அங்கே வெண்பனி இல்லை; ஆனால் கணக்கு ஏறத்தாழ அதுவே. சாய்வு, பிடிப்பில்லாத மேற்பொருள், மேலே திடீரென ஏறிய பாரம், உள்ளே புகுந்த நீர். பல்லாண்டுகளாக அசையாதிருந்தது அசையாது என்று எண்ணுவது மலையடிவாரத்தில் எங்கும் பொதுவான பழக்கம்.

குல்மார்க் குழிக்குத் திரும்புவோம். வழிகாட்டி சுவரின் மேற்புறத்தில் 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பனித்தூண் ஒன்றைக் கயிற்றால் அறுத்துப் பிரித்தார். தூணின் ஒரு முனையில் வாரியின் இலையைப் படுக்கவைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு. அடுத்து முழங்கையிலிருந்து 10. இறுதியாகத் தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைகிறது என்பது ஒரு செய்தி. உடைப்பு தட்டிய இடத்தோடு நின்றதா, தூணின் மறுமுனை வரை ஓடிற்றா என்பது அதைவிடப் பெரிய செய்தி. அன்று பன்னிரண்டாம் தட்டில், சர்க்கரை அடுக்கின்மேல், தூண் முழுவதும் கத்தியால் வெட்டியது போல் நழுவியது. இளைஞர்கள் சிரிப்பதை நிறுத்தினர்.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. தூண் உடைந்தால் ஆபத்து உறுதி. உடையாவிட்டால் பாதுகாப்பு உறுதியன்று. ஐம்பது அடி தள்ளித் தோண்டினால் வேறு விடை வரலாம். காற்றும் வெயிலும் மரமும் பாறையும் ஒவ்வோரிடத்திலும் பனிப்போர்வையை வேறுவிதமாக நெய்கின்றன. எனவே குழியைவிட மலை தானாகவே கூறும் அடையாளங்களுக்கு அவர் அதிக மதிப்பளித்தார்: அண்மையில் பக்கத்துச் சாய்வு பெயர்ந்திருத்தல், நடக்கும்போது அடியில் ‘வும்ப்’ என்று வயிறு கலங்க ஓர் ஓசை, பலகையின் முனையிலிருந்து விரிசல் பாய்ந்தோடுதல், ஒரே நாளில் ஓர் அடிக்குமேல் புதுப் பனி, முகட்டின் மறுபுறம் காற்று வாரிக் குவித்த மேடு, திடீர் வெப்பம். இவற்றில் ஒன்று கண்டாலும் குழி தோண்டிக் காலம் கழிக்க வேண்டா, திரும்பிவிடுங்கள் என்றார்.

பனியை ஆராய நம் நாட்டில் நிறுவனமும் உண்டு. மணாலியில் 1969இல் தொடங்கப்பெற்ற பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம், 2020இல் மற்றொரு பாதுகாப்பு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, இப்போது சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு வேறு பெயரில் இயங்குகிறது. பிர் பஞ்சால் மலைகளில் வெண்பனி மிகுதி, குளிர் மிதம். காரகோரத்தில் குளிர் கடுமை, பனிப்போர்வை வறண்டது என்று இமயத்தை மண்டலங்களாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் அந்நிலையத்தாரே. ஐரோப்பாவில் 1993 முதல் ஆபத்தை ஐந்து படிகளாக அறிவிக்கின்றனர். அதில் விந்தை ஒன்று: மிகுதியானோர் இறப்பது ஐந்தாம் படியிலோ நான்காம் படியிலோ அன்று, மூன்றாம் படியில். ஐந்தாம் படியன்று எவரும் வெளியே வருவதில்லை. மூன்றாம் படியன்று வானம் தெளிந்திருக்கிறது, புதுப்பனி மினுமினுக்கிறது, கால்கள் துறுதுறுக்கின்றன.

ஒருவர் புதைந்துவிட்டால்? ஒவ்வொருவர் மார்பிலும் கட்டிய சிறு வானொலிக் கருவி எங்கு கிடக்கிறார் என்று காட்டும். நீண்ட மடக்குக் கோலால் துழாவி, வாரியால் தோண்ட வேண்டும். 15 நிமிடத்திற்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர் என்று முன்பு கணக்கிட்டிருந்தனர். 2024இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து நாட்டுக் கணக்கு அதனை 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. மூச்சு முட்டுதலே முதல் எமன். குளிர் பின்னரே வருகிறது. ஊரிலிருந்து உதவி வர 10 நிமிடம் போதாது. ஆகவே உடன் சென்றோரே மீட்புப் படை. அதனால்தான் ஆபத்தான சாய்வை ஒருவர் பின் ஒருவராக, மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் கொட்டாது பார்த்திருக்கக் கடக்கின்றனர்.

வழிப்போக்கரைப் பனியிலிருந்து காத்தவர் என்றால் நம் வாசகர்களுக்குப் புனித பெர்நார்து மடம் நினைவிற்கு வரும். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 8,100 அடி உயரக் கணவாயில், 1050ஐ ஒட்டி, மந்தோன் ஊர்ப் பெர்நார்து அடிகளார் நிறுவிய அம்மடத்துத் துறவியர் நூற்றாண்டுகளாகப் பனியில் சிக்கியோரைத் தேடிச் சென்றனர். அவர்களுடைய நாய்களின் புகழ் உலகறியும். 1923இல் அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்த பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், தாமே இளமையில் மலையேறியவர். 1889இல் மோந்தே ரோசா மலையை அதன் கடினமான கிழக்கு முகத்தின் வழியே ஏறியவர். அக்கணவாயின் சாலை இன்றும் குளிர்காலத்தில் மூடப்படுகிறது. மடத்திற்குச் செல்வோர் சறுக்குப் பலகையிலோ பனிக்காலணியிலோ, அன்றைய ஆபத்துப் படியைக் கேட்டறிந்தே ஏறுகின்றனர்.

கொங்தூரியில் அன்று பிற்பகல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இளைஞருள் ஒருவர் வழிகாட்டியிடம் வாதிட்டார். விமானச் சீட்டு மறுநாளைக்கு, நெடுந்தொலைவிலிருந்து வந்திருக்கிறோம், காலையில் வேறொரு கூட்டம் அதே சாய்வில் இறங்கியதைக் கண்ணால் கண்டோமே, சென்ற ஆண்டும் நாங்கள் இங்கேயே இறங்கினோமே. நான்கும் நியாயமான பேச்சாகவே எமக்கும் பட்டது. வழிகாட்டி சினக்கவில்லை. இந்த நான்கில் எதுவும் பனியைப் பற்றியதன்று, தம்பி, என்று மட்டும் இந்தியில் சொன்னார். பழகிய சாய்வு, முன்சென்றவர் தடம், கைவிட மனம் வராத திட்டம் ஆகிய இவை தேர்ந்தவர்களையே வீழ்த்தியிருக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கேமன் விபத்துகளைத் தொகுத்துக் காட்டியிருப்பதைப் பின்னர் படித்தபோது, அந்தக் காஷ்மீரியின் ஒரு வரி எமக்கு அதைவிடத் தெளிவாகத் தோன்றியது.

அவர்கள் அப்பெரிய சாய்வில் இறங்கவில்லை. தேவதாரு மரங்களிடையே, 25 பாகைக்கும் குறைந்த, மேலே எதுவும் தொங்காத இடமாகப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கீழே சென்றனர். வாதிட்ட இளைஞர் இரண்டாவதாக இறங்கினார். முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, மறைக்கவும் முயலவில்லை. வழிகாட்டி கடைசி வரை நின்று, அடுத்து வருபவர் விழுந்துவிடாதபடி, தாம் தோண்டிய குழியை வாரியால் மூடிவிட்டுப் பலகையை மாட்டிக்கொண்டார்.